உப்புப் போடாத சாம்பார்

யாழரசிக்கு அநியாயம் நடந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், தண்ணீர் விஷயம் பிறகு. எங்கள் ஊரில் இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் தண்ணீரிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், ஆரம்பித்துவிட்டு அந்தப் பெண்ணை மறந்துவிடுகிறார்கள். இயற்பியல் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்த யாழரசியை, மாலை வருகைப்பதிவு முடிந்ததும், எங்கள் மகளிர் விடுதியின் பிரார்த்தனை ஹாலில், முதலாமாண்டுக் குழந்தைகளிலிருந்து ஆராய்ச்சி மாணவிகள் வரை அத்தனை பேரும் பார்க்க, வார்டன் திலகவதி மேடம் மேடையில் ஏற்றி, சுடிதாரின் முழுக்கையை முழங்கை வரைக்கும் சுருட்டச் சொன்னார். அவள் சுருட்டினாள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அது யாருக்கும் தெரியக்கூடாது என்று அவள் எத்தனை பாடுபட்டிருக்கிறாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மேடம் மைக்கைப் பிடித்தார். "அப்பா அம்மா இருக்காங்க. படிப்பு இருக்கு. மூணு வேளை சாப்பாடு இருக்கு. தலைக்கு மேல ஃபேன் ஓடுது. உனக்கு என்ன குறை?"

யாழரசி சுருட்டிய கையை மற்றக் கையால் மூடினாள்.

"உன்னைத்தான் கேக்குறேன். என்ன குறை?"

மைக் கீச்சென்று கத்தியது. அவள் அப்போதும் பேசவில்லை. கவனத்தை ஈர்ப்பதற்காக நாடகம் போடுகிறவர்களுக்கு இந்த விடுதியில் இடமில்லை என்று மேடம் எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார்.

நான் அரசியல் அறிவியல் படிக்கிறவள், கேட்காமல் இருக்க முடியாது: கவனத்தை ஈர்க்கிறவள் எதற்குப் புரட்டாசி வெயிலில் முழுக்கை போடுகிறாள்? நாங்கள் எல்லாரும் ஸ்லீவ்லெஸ் கிடைக்குமா என்று தவித்துக்கொண்டிருந்த மாதத்தில், மணிக்கட்டு வரை பட்டன் போட்டு, வேர்த்து, அந்த வேர்வையைப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு இருந்தவளா நாடகக்காரி? மேடையும் மைக்கும் கூட்டமும் ஏற்பாடு செய்தது யார்? சொல்லுங்கள், நாடகம் போட்டது யார்?

அன்றைக்குச் சாயங்காலம்தான் உப்பு வந்தது.

எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டு மணி அடிக்கும் முன் மெஸ் செக்ரட்டரி சமையல்கட்டுக்குள் போய், உள்ளங்கையில் ஒரு சொட்டுச் சாம்பார் வாங்கி, நக்கிப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். செக்ரட்டரி தலையாட்டாமல் மணி அடிக்காது. அந்த வருஷம் செக்ரட்டரி நான். சமையல் பாக்கியம் அக்கா கரண்டியைச் சாய்த்தார், நான் நக்கினேன், முகம் கோணிப்போயிற்று.

"என்னக்கா, டப்பாவைக் கவுத்துட்டீங்களா?"

"யாரு, நானா? இன்னும் உப்பே போடலத்தா. நீ பார்த்துட்டுச் சொன்னாப் போடலாம்னு இருக்கேன்."

"அப்ப இது என்ன?"

"உன் நாக்குல கோளாறு. அன்னாடம் அந்தக் கத்து கத்துனா நாக்கு என்னத்துக்கு ஆகும்?"

கோளாறு நாக்கில் இல்லை. குழாயில் இருந்தது. எல்லாக் குழாயிலும் இருந்தது. கடலுக்கும் எங்கள் ஊருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, மலையடிவாரம், இளநீர் மாதிரித் தண்ணீர், பக்கத்து ஊர்க்காரர்கள் பொறாமைப்படுகிற தண்ணீர். அது ஒரே சாயங்காலத்தில் கண்ணீர் கணக்காகக் கரித்தது. பம்பு ஆப்பரேட்டர் செல்லையா அண்ணன் தொட்டிமேல் ஏறி, குடித்துப் பார்த்து, இறங்கி, "கடல் ஏறி வந்துருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். தூத்துக்குடிப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களைக் கூப்பிட்டு ஊரிலிருந்து என்ன கொண்டுவந்தீர்கள் என்று விசாரித்தார்கள், மக்ரூன் கொண்டுவந்ததாக ஒப்புக்கொண்டார்கள். வேதியியல் துறை தண்ணீரை வாங்கிப்போய் வெகுநேரம் சோதித்து, அதில் உப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னது.

பிறகு பழகிவிட்டது, எதுதான் பழகாது. சோப்பு நுரைக்கவில்லை என்று கொஞ்ச நாள் புலம்பினோம், பருப்பு வேகவில்லை என்று பாக்கியம் அக்கா புலம்பினார், அப்புறம் தொண்டை கட்டினவர்கள் நேராகக் குழாயில் வாய்வைத்துக் கொப்பளித்தார்கள், மாங்காய்த் துண்டைக் குழாயடியில் காட்டி எடுத்துத் தின்றார்கள், ஊர்ப் பெண்கள் பாட்டிலோடு வந்து பிள்ளைகளின் வேர்க்குருவுக்கு நல்லது என்று பிடித்துக்கொண்டு போனார்கள், பாக்கியம் அக்கா உப்பு டப்பாவை மேல்தட்டில் ஏற்றிவிட்டு, வரும் தண்ணீரை நம்பியே சாம்பாரும் ரசமும் கூட்டும் வைக்கக் கற்றுக்கொண்டார். திடீரென்று ஒரு நாள் தண்ணீர் இனித்துவிட்டால் அன்றைக்குச் சாம்பார் சப்பென்று இருக்கும், தட்டைத் தட்டுவார்கள், மெஸ் செக்ரட்டரி ராஜினாமா செய் என்று கோஷம் போடுவார்கள். எங்கிருந்து வருகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவள் ஷம்சியா. யாழரசியின் அறைத்தோழி, பி.காம்., மேலூர்க்காரி, வாய் மூடாத பெண். ஒரு நாள் கல்லூரி விட்டு வந்து முகம் கழுவும்போது தண்ணீர் கரித்தது. திரும்பிப் பார்த்தால் யாழரசி கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், கைகளைத் துப்பட்டாவுக்குள் இறுக்கிச் சுற்றிக்கொண்டு. ஷம்சியா என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒரு டம்ளரில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் மாமா பையன் கல்யாணத்தில் பிரியாணிச் சட்டி கவிழ்ந்ததையும், மாப்பிள்ளை ஷூவோடு அதில் நடந்து வந்ததையும், யார் கவிழ்த்தது என்று இரண்டு சம்பந்தியும் இன்றுவரை பேசிக்கொள்ளாமல் இருப்பதையும் சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லச் சொல்ல யாழரசியின் தோள் மெல்ல இறங்கியது. "ஷூ என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "ஷூவா? அதை நாய் தூக்கிட்டுப் போயிருச்சு, அதுக்குத்தான் அன்னிக்கு நல்ல சாப்பாடு" என்று சொல்லிவிட்டு ஷம்சியா தண்ணீரைக் குடித்தாள். டம்ளரிலேயே இனித்திருந்தது.

பிறகு கவனித்துப் பார்த்தாள். தாங்க முடியாத அந்த வேகம் யாழரசிக்குள் ஏறும்போதெல்லாம் குழாயில் உப்பு ஏறியது, இறங்கும்போது இறங்கியது, யாராவது பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் இறங்கியது. ஷம்சியா என்னிடம் மட்டும்தான் சொன்னாள். ஆனால் விடுதிச் சுவருக்குக் காது மட்டுமா இருக்கிறது, வாயும் இருக்கிறது. ஒரு வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, தெரிந்ததும் எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள், அதுதான் கொடுமை.

"யாழு, கொஞ்சம் சிரிடி, பெட்ஷீட் துவைக்கணும்."

"இன்னிக்குச் சாம்பார் சப்புனு இருக்கு, ஒரு சோகப்பாட்டுக் கேளேன்."

"நாங்கல்லாம் இருக்கோம்ல, ஜாலியா இரு. ஜாலியா இருக்கியா? இல்ல, உண்மையா இருக்கியா?"

அவள் சிரித்தாள். எங்கள் பெட்ஷீட்டுகளுக்காகச் சிரித்தாள். வாசலில் சிரித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினதும் தண்ணீர் முன்னைவிடக் கரித்தது. சந்தோஷமாக இரு என்று உத்தரவு போட்டால் துக்கம் இரட்டிப்பாகும் என்பதற்கு எங்கள் தொட்டியைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டுமா?

விஷயம் மேடம் காதுக்கும் போனது. மேடம் எப்போதும் செய்கிறதைச் செய்தார். தண்ணீர் தெளிகிற வரை யாழரசி வீட்டில் இருக்கட்டும் என்று அப்பாவை வரவழைத்தார். அவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் தையல்காரர், கழுத்தில் இஞ்சு டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார். மகளின் வாளியையும் படுக்கையையும் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நின்று, எங்களிடம் மெதுவாகக் கேட்டார்:

"முழுக்கைதான் வேணும்னு கேட்டுச்சும்மா. இப்ப அதுதான் ஃபேஷன் போலன்னு நெனச்சேன். ஆசையா வெச்சுக் குடுத்தேன். கையளவு மட்டும் எடுக்க விடல... அது ஃபேஷன் இல்லையாம்மா?"

ஒருத்தி அவர் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டாள். அப்பாவும் மகளும் கேட்டைத் தாண்டினார்கள். ஷம்சியா கம்பியைப் பிடித்தபடி நின்றாள். மேடம் தன் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று, இனி எல்லாம் சரியாகிவிடும் என்கிற முகத்தோடு, குழாயைத் திறந்து ஒரு கை அள்ளிக் குடித்தார்.

துப்பினார்.

அவ்வளவு உப்பு அதற்கு முன் வந்ததே இல்லை. யாழரசி பஸ்ஸில் விருத்தாசலத்தைத் தாண்டியிருப்பாள், இங்கே பால் திரிந்தது, சோறு குழையாமல் கல்லாகக் கிடந்தது, நாக்கில் தோல் உரிந்தது. குற்றம் சுமத்த ஆளில்லாத உப்பு. முதலில் எங்களுக்குப் புரியவில்லை, பிறகு புரிந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அது யாழரசியின் உப்பு மட்டும் இல்லை. ஒருநாளும் அவளுடையது மட்டுமாக இருந்ததில்லை. கை சுருட்டச் சொன்ன அன்று ஹாலில் உட்கார்ந்து, அடுத்தது நானா என்று தன் கையைத் தானே பிடித்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேருடைய உப்பும் அது.

ஷம்சியாதான் வழி சொன்னாள். சொன்னாள் என்றுகூடச் சொல்ல முடியாது, நடந்தாள். மேற்கு விங் குழாயில் நக்கிப் பார்த்தாள், வடக்கு விங் குழாயில் நக்கிப் பார்த்தாள், எங்கே அதிகம் கரிக்கிறதோ அந்த வராண்டாவில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். ஏன், எதற்கு, யாரால் என்று கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினவர்களும் உண்டு. "சாப்பிட்டேன், ஆனா கொஞ்ச நேரம் இரு" என்றவர்களும் உண்டு. முதலாமாண்டு ஜெபமலர் கதவைத் திறந்து, ஷம்சியாவின் மடியில் தலையை வைத்து அப்படியே தூங்கிப்போனாள். தண்ணீரில் உப்பு ஒரு நூல் இறங்கியது.

அதன்பிறகு நக்கிப் பார்ப்பது மெஸ் செக்ரட்டரியின் வேலை மட்டும் என்று இல்லாமல் போயிற்று. பல் தேய்க்கிறவள், வாளி பிடிக்கிறவள், மூஞ்சி கழுவுகிறவள், யார் நாக்கில் முதலில் கரிக்கிறதோ அவள் சோப்பை அப்படியே வைத்துவிட்டுக் கதவு தட்டப் போனாள். என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தத்துவம் பேசினவர்களைத் துரத்தினார்கள். "உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்கல்லாம் இருக்காங்க" என்று ஆரம்பித்த ஒருத்தியை நானே கையைப் பிடித்து இழுத்துவந்து வராண்டாவில் வைத்து வாதாடினேன்: அடுத்தவர் பசி என் வயிற்றை நிரப்புமா? சரி என்றாள், மறுநாள் சீட்டுக்கட்டோடு போனாள். பாக்கியம் அக்கா சாம்பார் சப்பென்று இருக்கிற நாளில் கரண்டியைத் தூக்கிக்காட்டி, "இன்னிக்கு எல்லாப் பிள்ளையும் நல்லா இருக்கு, பேசாம தின்னுங்கடி" என்று அதட்டினார். ராஜினாமா கோஷம் போட்டவர்களே சப்பென்ற சாம்பாருக்குக் கைதட்டினார்கள். என்னைக் கேட்டால், எங்கள் பல்கலைக்கழகம் இதுவரை வழங்கிய அத்தனை பட்டங்களையும்விட அந்தக் கைதட்டல் பெரியது.

ஆனால் யாழரசி இல்லாமல் இது என்ன நியாயம்? கல்லூரி முதல்வர் அறையில் போய் நின்றேன். அவள் போன பிறகுதானே உப்பு கூடியிருக்கிறது, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றேன். முதல்வர் மேஜைமேல் இருந்த தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு, கூட்டிவாருங்கள் என்றார். இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றார் அங்கே உட்கார்ந்திருந்த திலகவதி மேடம். காய்ச்சல்காரியிடம் இனிக் காய்ச்சல் வராது என்று எழுதி வாங்குவீர்களா என்றேன். எழுதிக் கொடுத்தால் நிறுத்த மாட்டாள் மேடம், இன்னும் நன்றாக மறைப்பாள் என்றேன். மேடம் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார், அந்தக் காகிதத்தை மறுபடி கேட்கவில்லை.

நானும் ஷம்சியாவும் அரியலூர் பஸ் பிடித்துப் போனோம். ஊர் நிறுத்தத்தில் இறங்கினால் தலைக்கு மேலே யாழரசி. பன்னிரண்டாம் வகுப்பில் மாவட்டத்திலேயே முதலாக வந்தபோது ஊர்க்காரர்கள் வைத்த ஃப்ளெக்ஸ், வெயிலில் நீலம் மட்டும் மிச்சமாக, 'எங்கள் மண்ணின் விஞ்ஞானியே' என்று. தமிழில் படித்து முதலாக வந்தவள் இங்கே ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் ஒரு வரி புரியாமல் உட்கார்ந்திருந்ததும், லீவுக்கு வரும்போதெல்லாம் அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழேதான் பையோடு இறங்க வேண்டியிருந்ததும், கண்ணில் படுகிற ஒவ்வொருவரும் "என்ன விஞ்ஞானி, ராக்கெட் எப்ப விடுற?" என்று உண்மையான அன்போடு கேட்டதும், வீட்டில் யாரும் ஒரு சுடுசொல் சொல்லாததும் எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

யாழரசி அப்பாவின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் சட்டைப் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அரைக்கை போட்டிருந்தாள். அப்பாதான் வெட்டியிருக்கிறார். வேர்க்குமே என்று மட்டும் சொல்லி, வேறொன்றும் கேட்காமல், எல்லாச் சுடிதாரையும் எடுத்து அரைக்கையாக்கியிருக்கிறார்.

"தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"வாயில வைக்க முடியல" என்றாள் ஷம்சியா. "நீ இல்லாததுக்கே இப்படி. பெரிய ஆளுன்னு நெனப்பு வேண்டாம், உன்னோடது அதுல கால்வாசிகூட இல்ல."

யாழரசி ஊசியைக் கீழே வைத்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு கிடைத்த நல்ல செய்தி மாதிரி அதைக் கேட்டாள். "நெசமாவா? நான் மட்டும் இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள், பிறகு அழுதாள், ஷம்சியா எழுந்துபோய் வீட்டுக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். அது சாதாரணத் தண்ணீர்தான்.

அவள் வந்தாள். எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. புதன்கிழமை தோறும் டவுன் பஸ்ஸில் அரசு மருத்துவமனைக்குப் போனாள், ஷம்சியா கூடப் போனாள், அங்கே மனநல ஆலோசகராக இருந்த ஓர் அம்மா அவளைப் பேசவிட்டார். அந்த வேகம் அலை மாதிரி ஏறும், ஏறினது கட்டாயம் இறங்கும், ஏறும்போது தனியாக இருக்காதே, யாரையாவது கூப்பிடு என்று சொல்லிக்கொடுத்தார். நடுவில் ஒரு தடவை மறுபடியும் நடந்தது. யாரும் கத்தவில்லை, யாரும் மேடையில் ஏற்றவில்லை, ஷம்சியா அவளை டாக்டரிடம் கூட்டிப்போனாள், மறுநாள் ஆலோசகரிடமும் கூட்டிப்போனாள், திரும்பும்போது இரண்டு பேரும் கரும்புச்சாறு குடித்துவிட்டு வந்தார்கள். அரைக்கையோடு கல்லூரிக்கு நடந்து போனாளே, அந்தத் தைரியத்தை நான் எந்தத் தலைவரிடமும் பார்த்ததில்லை. யாராவது வெறித்துப் பார்த்தால் அவளும் பதிலுக்குப் பார்ப்பாள், "சாப்பிட்டியா?" என்று கேட்பாள்.

கோடை விடுமுறைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாக்கியம் அக்கா பதறிக்கொண்டு கூப்பிட்டார். நக்கினேன். தொண்டை எரிந்தது. விங் விங்காகப் போனோம், கதவு கதவாகத் தட்டினோம். எல்லாரும் திறந்தார்கள், எல்லாரும் சாப்பாட்டுக்காகக் காத்திருந்தார்கள், பசியைத் தவிர யாருக்கும் ஒன்றும் இல்லை. தட்டாத கதவு ஒன்றே ஒன்றுதான் பாக்கி. வார்டன் குவார்ட்டர்ஸ்.

"நான் வரமாட்டேன்" என்றேன். "முதல்ல அதே ஹால்ல, அதே மைக்ல மன்னிப்புக் கேக்கட்டும். அப்புறம் போகலாம்."

"நீ கேட்டு வாங்குக்கா, நான் வேண்டாங்கல" என்றாள் யாழரசி. "அது வர்ற வரைக்கும் அவங்க தனியா இருக்கணுமா?"

என் வாதம் முழுவதும் அந்த இடத்தில் தடுக்கி நின்றது. அவள் நடந்தாள். ஒரு தட்டில் சோறும், கரிக்கிற சாம்பாரும், ஓர் அப்பளமும். நான் பின்னால் போனேன்.

மேடம் கதவைக் கால்வாசி திறந்தார். தலை வாரவில்லை. கண் வீங்கியிருந்தது. "யார் உங்களை வரச் சொன்னது?"

"சாப்பிட்டீங்களா மேடம்?"

"பசிக்கல."

"சரி மேடம். அப்ப சும்மா உக்காந்திருக்கேன்."

யாழரசி வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். மேடம் போ என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கதவை முழுக்கத் திறந்து, அவரும் நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்தார். என்ன ஆயிற்று என்று யாழரசி கேட்கவில்லை, மேடமும் சொல்லவில்லை, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. யாழரசி அப்பளத்தை இரண்டாக உடைத்து ஒரு பாதியை நீட்டினாள். மேடம் வாங்கிக்கொண்டார். தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார். குவார்ட்டர்ஸ் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

மன்னிப்பு வரவில்லை. நான் இன்னும் விடவில்லை, வாங்காமல் விடவும் மாட்டேன். ஆனால் மேடம் அந்தப் பழைய கேள்வியை மறுபடியும் கேட்டார். மைக் இல்லாமல், மேடை இல்லாமல், பதில் தெரியாத ஒருத்தி கேட்கிற மாதிரி, யாழரசியின் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அன்னிக்குக் கேட்டேனே யாழரசி... நீ சொல்லவே இல்ல. என்னம்மா குறை உனக்கு?"

யாழரசி யோசித்தாள். கேள்விக்கு மரியாதை கொடுக்கிற மாதிரி யோசித்தாள்.

"குறைன்னு ஒண்ணும் இல்ல மேடம். எல்லாமே ரொம்ப அதிகமா இருந்துச்சு. எங்க இறக்கி வைக்கிறதுன்னுதான் தெரியல. நீங்களும் இறக்கி வைங்க, நான் இங்கதான் இருக்கேன்."